பாறை மடிப்பு என்றால் என்ன? திருமலை சிலாதோரணம் ஏன் மடிப்பு அல்ல?

திருப்பதி: திருமலையில் வில்போல் வளைந்து நிற்கும் சிலாதோரணத்தைக் காண்போர், பூமியின் அழுத்தமே பாறையை அவ்வாறு வளைத்திருக்கும் என எண்ணக்கூடும். நிலவியல் கூறும் காரணம் வேறு.

படுக்கையாகப் படிந்த பாறை அடுக்குகள், பக்கவாட்டு அழுத்தத்தால் உடையாமல் வளைவதே ‘மடிப்பு’ எனப்படும். விரித்த ஜமக்காளத்தை இருபுறமும் தள்ளினால் எழும் சுருக்கங்களைப் போன்றது இது. மேல்நோக்கிய வளைவு மேல்மடிப்பு, கீழ்நோக்கியது கீழ்மடிப்பு. அரிப்பினால் வளைவின் மேற்பகுதி அழிந்த பின்னரும் பாறையின் வயது அடையாளம் காட்டும். பொதுவாக மேல்மடிப்பின் மையத்தில் மூத்த பாறையும், கீழ்மடிப்பின் மையத்தில் இளைய பாறையும் வெளிப்படும். மலை உயர்ந்திருப்பதாலேயே அங்கு மேல்மடிப்பு உள்ளது எனக் கொள்ள முடியாது. கீழ்மடிப்பின் மீது நிற்கும் மலைகளும் உண்டு.

சுமார் 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட சிலாதோரணம், குவார்ட்சைட் பாறையின் நலிந்த பகுதிகள் காலப்போக்கில் அரிக்கப்பட்டதால் உருவானது. அங்கு வளைந்திருப்பது திறப்பின் விளிம்பே தவிர, பாறை அடுக்குகள் அல்ல.

திருமலையின் நிலவியல் சிறப்பு வேறோர் இடத்தில் உள்ளது. சித்தூர்ப் பகுதியின் உருண்டைப் பாறைக் குன்றுகளில் காணப்படும் பழமையான கிரானைட் வகைப் பாறையின் மேல், இம்மலையில் குவார்ட்சைட் அடுக்குகள் அமர்ந்துள்ளன. இரண்டுக்கும் இடையே 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலான கால இடைவெளி உண்டு. மலைப்பாதையோரம் தெரியும் இந்தத் தொடர்பின்மையை இந்தியப் புவியியல் ஆய்வு மையம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. 2025 செப்டம்பரில் திருமலை மலைகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன.

பாறைகள் நெருக்கமாக மடிந்து கிடப்பதைக் காண வடக்கே நல்லமலைக்குச் செல்ல வேண்டும். கடப்பா படுகையின் கிழக்குப் பகுதியான அது ‘நல்லமலை மடிப்புப் பட்டை’ என்றே அழைக்கப்படுகிறது. படுகையின் மேற்குப் பகுதி அடுக்குகளோ பெரிதும் குலையாமல் மென்சரிவாகக் கிடக்கின்றன.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2021 டிசம்பரில் மழைக்குப் பின் திருமலையின் இரண்டாவது மலைப்பாதையில் பாறைகள் சரிந்து சாலை சேதமடைந்தது. மலையை வெட்டிச் சாலை அமைக்கும்போது, அடுக்குகள் சாலையை நோக்கிச் சாய்கின்றனவா, விரிசல்கள் எத்திசையில் ஓடுகின்றன, மழைநீர் எங்கே புகும் என்பவற்றைப் பொறியாளர்கள் பார்ப்பது இதனால்தான். மடிந்த பாறைப் பகுதியில் கூடுதல் எச்சரிக்கை தேவை: மடிப்பின் ஒரு பக்கத்தில் உறுதியாக நிற்கும் அதே வெட்டுச்சரிவு, சாய்வு திரும்பும் மறுபக்கத்தில் சரிந்து விழக்கூடும்.