வீடு கட்டப் போறீங்களா? செங்கலைப் படுக்க வைக்காம நிமிர்த்தி வைச்சா செலவு குறையும்! ‘எலிப்பொறி’ சுவர் என்றால் என்ன?

சொந்த வீடு கட்டுபவர்களுக்கு முதல் அதிர்ச்சி செங்கல் பில்லில்தான். அந்த பில்லில் கால் பங்கைக் குறைக்கும் வழி நம் பக்கத்து மாநிலத்தில் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. பெயர், ‘எலிப்பொறி’ சுவர். பயப்பட வேண்டாம், எலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! மேலே இருந்து பார்த்தால் சுவருக்குள் பெட்டி பெட்டியாக இடைவெளி தெரியும். அதனால் வந்த பெயர்.

எப்படி கட்டுவது?

வழக்கமான 9 இன்ச் சுவரில் செங்கலைப் படுக்க வைத்து கட்டுவார்கள். இதில் 3 இன்ச் பக்கம் கீழே வரும்படி செங்கலை நிமிர்த்தி வைக்க வேண்டும். வெளிப்பக்கம் ஒரு கல், உட்பக்கம் ஒரு கல், நடுவில் 3 இன்ச் காலி. இரண்டையும் பிடித்து நிறுத்த குறுக்கே ஒரு கல். சுவரின் கனம் அதே 9 இன்ச்தான், ஆனால் செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சம். கலவையும் குறையும்.

10,000 கல் தேவைப்படும் வீட்டுக்கு 7,500 போதும். ஒரு கல் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 25,000 ரூபாய் கையில் நிற்கும். 2,500 கல்லுக்கான மண்ணும், சூளையில் எரிக்கும் விறகும் நிலக்கரியும்கூட மிச்சம்தானே!

நடுவில் இருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் சுவரை மட்டும் மாற்றிவிட்டு ஏசியே வேண்டாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வீட்டுக்குள் இறங்கும் சூட்டில் பெரும்பங்கு மொட்டை மாடி வழியாக வருவது. அதை தனியாக கவனிக்கணும்.

யார் கொண்டு வந்தது?

இதை இந்தியாவில் பரவலாக்கியவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் அங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர். 1990-ல் பத்மஸ்ரீ பெற்றவர். பூச்சு வேலையே இல்லாமல் செங்கல் சுவரை அப்படியே விடுவது அவரது பாணி. அதிலும் ஒரு செலவு மிச்சம்.

மேஸ்திரி ஏன் தயங்குகிறார்?

தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கல் ஒரே அளவில், விளிம்பு உடையாமல் இருந்தால்தான் இது சரிவரும். கோணல்மாணலான நாட்டுச் செங்கலில் வேலை இழுக்கும். பழக்கமில்லாத கொத்தனார் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள் கலவையைக் கொட்டிவிட்டால், கிடைக்க வேண்டிய பலன் போச்சு! அடி வரிசை, ஜன்னலுக்குக் கீழ் வரிசை, கூரை உட்காரும் வரிசை ஆகியவற்றை இடைவெளி இல்லாமல் கெட்டியாகவே கட்ட வேண்டும். எத்தனை மாடி வரை தாங்கும் என்பதை இன்ஜினியரிடம் கேட்டுவிட்டே ஆரம்பிக்க வேண்டும்.

முக்கியமாக, சுவர் எழும்பிய பிறகு காடி வெட்டி பைப் பதிக்க முடியாது. வெளியே இருப்பது வெறும் 3 இன்ச் கல், உடைந்துவிடும். எனவே சுவிட்ச் போர்டு, ஏசி பாயிண்ட், கிச்சன் குழாய் எங்கே வரும் என்பதை முன்பே முடிவு செய்து, எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் கொத்தனார் வரும் அன்றே வரச் சொல்லிவிடுங்கள்.