வண்டியின் பாட்டரி ஏன் இறங்குகிறது?

நெசவாளர் சங்கம் ஒன்றில் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு பாட்டரிகளின் ரசீதுகளைக் கண்டோம். மூன்றாவது வாங்கவும், அதன் விலையை ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிக்கவும் நிர்வாகக் குழு தீர்மானம் எழுதி வைத்திருந்தது. நூல் கட்டுகளை ஏற்றிவரும் அவ்வண்டி திங்கட்கிழமை காலைகளில் மட்டுமே கிளம்ப மறுக்கிறது என்றார் ஓட்டுநர். அச்சொல்லை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நோயின் மூலமோ அதிலேயே இருந்தது.

பாட்டரியே பழுதாயிருக்கலாம், ஓடும்போது போதிய மின்சாரம் ஏறாதிருக்கலாம், அல்லது நிற்கும்போது எங்கேனும் கசியலாம். நன்கு ஏறிய 12 வோல்ட் பாட்டரி, சில மணி நேரம் ஓய்ந்தபின் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12க்கு இறங்கினால் பெரும்பகுதி தீர்ந்ததென்று கொள்க. எஞ்சின் ஓடுகையில் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். இல்லையேல் பெல்ட்டின் தளர்ச்சியையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்கவேண்டும். முனைகளில் வெண்பச்சைப் பூப்பு இருப்பின் முதற்கண் அதைத் துடைத்துவிடுக.

இவ்வண்டியில் இவை யாவும் சரியாயிருந்தன. ஆகவே சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, எதிர்மின் முனைக் கம்பியைக் கழற்றி, இடையே ஆம்பியர் மானியை இணைத்தோம். (இந்நிலையில் எஞ்சினைக் கிளப்பலாகாது; மானி கெட்டுவிடும்.) கடிகாரம் முதலியவற்றிற்கு 0.05 ஆம்பியர் வரை செல்வது இயல்பு. மானியோ 0.8 காட்டிற்று! பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். உள்விளக்கிற்குரியதை எடுத்தவுடன் முள் சரிந்தது. ஜன்னலற்ற சரக்கறையில், கதவைச் சாத்தினால் அணையவேண்டிய 10 வாட் விளக்கு, பொத்தான் சிக்கிக்கொண்டதால் அணையாமலே எரிந்துகொண்டிருந்தது. வெளியில் நிற்பவர் அதனை அறிவதெங்ஙனம்?

வார நாட்களில் ஓரிரவில் போவது 10 ஆம்பியர்-மணிக்கும் குறைவே. மறுநாள் ஓட்டத்தில் அது ஏறிவிடும். வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை 60 மணி நேரத்தில் 48 போய்விடும். பாட்டரியின் கொள்ளளவோ 75. அன்றியும், இவ்வாறு அடிக்கடி வற்றிக் கிடந்தால் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டிப்பட்டு, கொள்ளளவும் நாளடைவில் குறையும். புதிய பாட்டரி விரைவில் கெட்டது இதனாலேயே.

சம்பளப் பிடித்தத் தீர்மானம் அன்று மாலையே ரத்தாயிற்று. சங்கத்தார் பொத்தான் ஒன்று மட்டும் வாங்கினார்கள். பழைய ரசீதுகள் இரண்டைப் பற்றியும் தணிக்கைக் குறிப்பு எழுதாமல் விட நமக்கு இயலவில்லை.