வீட்டு வாசலிலேயே கார் பிரேக் மாற்றலாமா? ஜாக்கி வைக்கும் முன் இதைப் படிங்க!

பிரேக்கை மிதித்தால் முன் சக்கரத்தில் ‘கீச்’ என்று ஒரு சத்தம். காலை எடுத்ததும் நின்றுவிடுகிறது. பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் அதுவும் கேட்பதில்லை. பல வீடுகளில் பிரேக் பேடு மாற்றும் வேலை இப்படித்தான் வாரக்கணக்கில் தள்ளிப்போகிறது.

அந்தச் சத்தம் பேடிலேயே பொருத்தி அனுப்பப்பட்ட எச்சரிக்கை மணி. உராயும் பகுதி தேய்ந்து மெலிந்ததும், ஓரத்தில் இருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும். எல்லா பேடுகளிலும் இந்தத் தகடு இருக்காது. எனவே சத்தம் வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது.

கந்தர்வக்கோட்டைக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம். பெரிய சர்வீஸ் சென்டர் வேண்டுமென்றால் தஞ்சாவூருக்கோ புதுக்கோட்டைக்கோதான் வண்டியைக் கொண்டுபோக வேண்டும். புதுக்கோட்டை போகும் வழியில் ஆதனக்கோட்டை. சாலையோரம் முந்திரிப்பருப்பு விற்பவர்களைப் பார்த்ததும் முன்னால் போகும் கார் சட்டென்று ஒதுங்கும். தேய்ந்த பிரேக்கோடு அந்த ரோட்டில் போவதைவிட, போனில் வீடியோ பார்த்து வாசலிலேயே மாற்றிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

இதே சாலைக்கும் பிரேக்குக்கும் பழைய சொந்தம் ஒன்று உண்டு. 1910-களில் தஞ்சாவூர் - புதுக்கோட்டை தடத்தில் பஸ் ஓட்டியவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். அவர் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம்தான் 1962-ல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் ‘பிரேக்ஸ் இந்தியா’வை ஆரம்பித்தது. இன்று உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் ‘டி.வி.எஸ். கர்லிங்’ அந்த வழியில் வந்ததுதான்.

சரி, வீட்டில் மாற்ற முடியுமா? சிறிய கார்களின் முன் சக்கர பேடு, டிஸ்க் என்றால் முடியும். ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு அரை நாள் வேலை. ஆனால், இந்த வேலையில் ஆபத்து கழற்றுவதில் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

செம்மண் தரையும் ஜாக்கியும்

முதல் ஆபத்து தரை. இந்தப் பக்கத்துச் செம்மண் வெயிலில் பாறை மாதிரி இருக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் ஜாக்கி மெல்ல உள்ளே இறங்கும். சிமென்ட் தளமே நல்லது. அது இல்லாதவர்கள் கனமான பலகை போட்டுத்தான் ஜாக்கி வைக்க வேண்டும். அப்போதும் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கானது. கையை உள்ளே விட்டு வேலை செய்ய, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் அவசியம். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்த பிறகே தூக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்வது முக்கியம். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூசி அப்பியிருக்கும். வாயால் ஊதுவது, ஏர் அடிப்பது இரண்டும் கூடாது. பிரேக் பேடுகளில் பல காலம் ஆஸ்பெஸ்டாஸ் சேர்க்கப்பட்டது. நுரையீரலில் தங்கிவிட்டால், பல வருடங்கள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடிய நார் அது. இப்போது பெரிய நிறுவனங்கள் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பேடுகளை விற்கின்றன. மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத பேடில் என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டது? முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத்துணியால் துடைப்பதே சரி.

பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின்பக்கம் இரண்டு போல்ட்டுகள். பேடு மட்டும் மாற்றுவதாக இருந்தால், பெரும்பாலான சின்ன கார்களில் கீழ் போல்ட்டைக் கழற்றி, காலிப்பரை மேலே தூக்கினாலே போதும். டிஸ்க்கும் மாற்ற வேண்டுமென்றால் முழுவதும் கழற்ற வேண்டும். அப்போது காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடுவது பலர் செய்யும் தப்பு. ரப்பர் குழாயின் உள்பக்கம் விரிசல் விட்டால் வெளியே தெரியாது. ஒரு கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிட வேண்டும்.

புதிய பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டர் வந்தால் மாற்றும் நேரம். டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்ற குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போய்விட்டால் கடைசல் பிடித்துப் போடுவது வீண் ஆசை. இரண்டிலும் ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடாது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

துருவோடு ஒட்டிக்கொண்ட பழைய டிஸ்க்கைப் பெயர்ப்பதுதான் மொத்த வேலையிலும் எரிச்சலானது. அதில் இரண்டு மரை ஓட்டைகள் இருந்தால் அதிர்ஷ்டம். போல்ட் விட்டு மாறி மாறி முறுக்கினால் தானாக வெளியே வரும். வந்ததும் ஹப்பில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்க்க வேண்டும். துரு மேலேயே டிஸ்க்கை மாட்டினால் அது லேசாகக் கோணலாக உட்கார்ந்து, பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும். புது டிஸ்க் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயையும் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய், டீசல் வேண்டாம். எண்ணெய்ப் பசை நிற்கும்.

பழைய பேடை முட்டுக் கொடுத்து, சி-கிளாம்ப் போட்டு பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளும்போது, பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு ஏறும். பொங்கி வழிந்தால் பெயின்ட் போய்விடும். பிஸ்டனைச் சுற்றி ஈரம் தெரிந்தாலோ, அது உள்ளே போக மறுத்தாலோ அத்தோடு நிறுத்திக்கொண்டு உள்ளூர் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச்சொல்வது நல்லது. பின் சக்கர டிரம், எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள கார்களின் பின் டிஸ்க் ஆகியவையும் வாசலில் வைத்துப் பார்க்கும் வேலை அல்ல.

முதல் மிதி உள்ளே போகும்!

எல்லாம் மாட்டியாகிவிட்டது. நட்டுகளும் இறுக்கியாகிவிட்டது. சாவியைப் போட்டு, ‘ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாம்’ என்று கிளம்பும் அந்த நிமிடம்தான் மிக ஆபத்தானது. பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி இருக்கும். முதல் மிதியில் பெடல் அப்படியே தரைக்குப் போகும். வண்டி நிற்காது. எதிரே வாசல் கேட் இருக்கலாம், கோலம் போடும் பாட்டி இருக்கலாம். நின்ற இடத்திலேயே பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து, கல் மாதிரி கெட்டியான பிறகே கியரில் கை வைக்க வேண்டும். மிதித்து மிதித்தும் பஞ்சு போலவே இருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. வண்டியை நகர்த்தக் கூடாது.

பிறகு ஆளில்லாத நேரம் பார்த்து, உள்ளூர் சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பிரேக் சரியாகப் பிடிக்கிறது என்று தெரிந்த பின், 50 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, முழுவதுமாக நிறுத்தாமல் பத்து முறை நிதானமாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவே கொஞ்சம் ஆறவிட வேண்டும். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிவது இப்படித்தான். அதுவரை பிடிப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால், மாற்றிய அன்றே குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்புவது வேண்டாம்.

மறுநாள் காலையில் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். 100 கி.மீ. ஓடுவதற்குள் வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிச் சரிபார்க்க வேண்டும்.