டை காஸ்டிங் சரக்கு: பளபளப்பைப் பார்த்து வாங்கலாமா?

காட்டுப்பள்ளி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நமக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. முலாம் பூசிய கதவுக் கைப்பிடியை விற்றிருப்போம். இரண்டு மழைக்காலம் போனதும் அதில் கொப்புளம் கிளம்பும். ஒருநாள் பிஸ்கட் மாதிரி கையோடு உடைந்து வரும். வாடிக்கையாளர் தயாரித்தவரைத் தேடிப் போகமாட்டார், நம் கல்லாவுக்குத்தான் வருவார். "உப்புக் காற்று சார்" என்று சமாதானம் சொல்கிறோம். அது பாதி உண்மைதான்.

இந்தச் சரக்கு டை காஸ்டிங் முறையில் தயாராவது. மணல் அச்சில் வார்த்தால் ஒவ்வொரு முறையும் அச்சை உடைக்க வேண்டும். இதில் அச்சே எஃகு. அதைத்தான் டை என்கிறார்கள். அதன் இரண்டு பாதிகளையும் மெஷின் இறுக்கிப் பிடிக்க, உருகிய உலோகத்தை பிஸ்டன் அழுத்தத்தோடு உள்ளே தள்ளும். சில நொடிகளில் உலோகம் இறுகிவிடும். டை திறந்ததும் சாமான் வெளியே வரும். இரும்பு உருகும் சூட்டை டை தாங்காது. அலுமினியம் 660 டிகிரியிலும், துத்தநாகம் 420 டிகிரி அளவிலும் உருகுவதால் இவை இரண்டும் தோது. 1962-ல் உருவான சுந்தரம் கிளேட்டன் கம்பெனி பாடியில் வாகன உறுப்புகளை அலுமினியத்தில் வார்த்துப் பெயரெடுத்தது.

செலவெல்லாம் டைக்குத்தான். அலுமினியம் வார்த்தால் ஒரு டை ஏறக்குறைய லட்சம் உருப்படி கொடுக்கும். துத்தநாகத்தில் அதற்குப் பல மடங்கு. கைப்பிடி, பூட்டு போன்றவை துத்தநாகத்தில் மலிவாக வருவது இதனால்தான்.

கள்ளம் புகுவதும் துத்தநாகத்தில்தான். 99.99 சதவீதச் சுத்தமான துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும் துளி மக்னீசியமும் சேர வேண்டும். அமெரிக்காவின் நியூஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929-ல் கொண்டுவந்த கலவை இது. ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காயலான் கடைத் துத்தநாகத்தை உருக்கி ஊற்றினால் ஈயமும் வெள்ளீயமும் கூடவே வந்துவிடும். பிறகு சூடும் ஈரப்பதமும் சேர்ந்து சாமானை உள்ளிருந்தே அரிக்கும்; மேல் முலாம் அதைத் தடுக்காது. நம் கடலோரக் குடோன்களில் இந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை.

கையில் தூக்கிப் பார்த்து எடையை வைத்துச் சரக்கை மதிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கலப்படத்தைக் கண்டுபிடிக்க அது உதவாது. 95 டிகிரி நீராவியில் 10 நாள் வைத்துச் சோதிக்கும் பழைய முறை இருக்கிறது. அது தயாரிப்பாளர் செய்ய வேண்டியது. நாம் செய்யக்கூடியது, மொத்தமாக வாங்கும்போது ஐ.எஸ். 713 தரத்துத் துத்தநாகக் கட்டிதானா என்று கேட்டு, பரிசோதனைச் சான்றின் நகலை வாங்கிக்கொள்வது. உடைந்தால் மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.