தாத்தாவின் கைத்தடி என்ன விலை?

தைப்பூசத்தன்று வடலூர் நாற்சந்தியில் சிறிது நேரம் நின்று பாருங்கள். கடலூர்ச் சாலையிலும் கும்பகோணம் சாலையிலும் வந்து இறங்குகிற ஜனங்கள் எல்லோரும் ஜோதி தரிசனத்துக்காகச் சத்திய ஞான சபையை நோக்கி விரைந்துகொண்டிருப்பார்கள். நீங்கள் மட்டும் பெரியவர்களின் கைகளைக் கவனியுங்கள்! மூங்கில் தடி, பிரம்புத் தடி, வரி வரியாகக் கறுப்பு ஓடிய பனைத் தடி, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து வாங்கிய அலுமினியத் தடி... இத்தனைக்கும் நடுவே எப்போதாவது ஒன்று, வெள்ளிப் பூண் போட்டு, காலத்தால் கறுத்து வழவழப்பேறிய பழைய தடியாக இருக்கும்.

அப்படி ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கிறதா? தெருவில் கூவிப் போகும் பழைய சாமான்காரரிடம் காட்டினால், அவர் பூணை மட்டும் நிறுத்து விலை சொல்வார். கட்டையை இனாமாக எடுத்துக்கொள்வார். அதே தடி கடல் கடந்து போனால் பட்டு விரித்த மேஜையில் படுத்திருக்கும். அதற்கு ஓர் எண் கொடுத்து, படம் பிடித்து, பட்டியலில் போட்டிருப்பார்கள். அமெரிக்காவில் டென்னஸி, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் கைத்தடிக்கென்றே தனியாக ஏலம் நடப்பதுண்டு. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தடிகள்! கால் வலி ஒன்றும் இல்லாத கனவான்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்பார்கள்.

இது என்ன பைத்தியம் என்று நினைக்கிறீர்களா? மிகப் பழைய பைத்தியம்தான். எகிப்தில் துதன்காமன் மன்னனின் சமாதியை 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் திறந்தபோது, சுமார் 130 தடிகள் உள்ளே இருந்தன. செத்த பிறகு நடப்பதற்கு அத்தனை தடி! ஐரோப்பாவில் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கைத்தடி இல்லாமல் வெளியே புறப்படுவது, சட்டை இல்லாமல் புறப்படுவதைப் போல. காலையில் ஒரு தடி, மாலையில் ஒரு தடி, நாடகத்துக்கு ஒரு தடி. மோட்டார் கார் வந்ததும் அந்த மோகம் போயிற்று. தடிகள் மட்டும் மிஞ்சின.

அந்தத் தடிகளில் பலவற்றுக்குப் பூர்விகம் நம் பக்கத்துக் கடல்தான் என்பது சுவாரசியமான சங்கதி. ஏலப் பட்டியல்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் 'மலாக்கா' என்ற சொல் வரும். மலாக்கா தடி என்பது ஒரு வகைப் பிரம்பு. மேலிருந்து கீழ்வரை கணுவே இல்லாமல், ஒரே இடைக்கணுவில் மூன்றடி நீளம் கிடைத்தால் அதுதான் உயர்ந்த ரகம். பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். ஒரு பக்கம் மெல்லிய முகடு ஓடும். நம் பரங்கிப்பேட்டை மரக்காயர்கள் மலாக்காவுக்கும் கெடாவுக்கும் கப்பலோட்டி வியாபாரம் செய்தவர்கள். அந்த ஊர்ப் பழைய வீடுகளில் துணிப் பொதியோடு ஒரு மலாக்காத் தடியும் வந்திறங்கியிருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

இன்னொன்று 'பினாங்கு வக்கீல்'. தமாஷ் இல்லை, தடியின் பெயரே அதுதான்! பினாங்கில் கிடைக்கும் ஒருவகைக் குட்டைப் பனையின் தண்டில் செய்தது. தலைப்பக்கம் குமிழ் போல் தடித்திருக்கும். வழக்கைச் சீக்கிரமாகத் தீர்த்து வைக்கும் என்பதால் அந்தப் பெயராம். இலங்கையிலிருந்து போனவை வேறு தினுசு. மாத்தளைப் பக்கத்து அரக்கு வேலைக்காரர்கள், சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக அரக்கை நூல் போல் இழுத்து, கட்டைவிரல் நகத்தாலேயே கிள்ளிப் பதித்துப் பூ வேலை செய்வார்கள். அந்தத் தடிகளை இன்றும் ஏலத்தில் ஆசையோடு வாங்குகிறார்கள். சென்னை பி. ஆர் அண்டு சன்ஸ் கம்பெனியும் மற்றவர்களும் வெள்ளியில் தெய்வ உருவங்களை அடித்துச் செய்த வேலைக்கு 'ஸ்வாமி வேலைப்பாடு' என்றே பெயர்.

தடியின் வயிற்றுக்குள்ளே

சேகரிப்பவர்களின் செல்லப் பிள்ளைகள், உள்ளே ஏதாவது ஒளித்து வைத்திருக்கும் தடிகள். பிடியைத் திருகினால் மூக்குப்பொடி டப்பி, டாக்டரின் மருந்துக் குப்பி, தூரதிருஷ்டிக் கண்ணாடி, குடை... பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் தம் குட்டைத் தடிக்குள்ளே கண்ணாடிக் குழாய் நிறைய மது வைத்துக்கொண்டு நடந்தார் என்பது பிரசித்தம்.

வாளை ஒளித்து வைத்த தடியும் உண்டு. வடக்கே 'குப்தி' என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஜாக்கிரதை! நம் நாட்டு ஆயுதச் சட்ட விதிகள் வாள்தடியையும் வாள் கணக்கில்தான் சேர்த்திருக்கின்றன. இன்னொரு விஷயம், தந்தப் பிடி. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்னர் வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்தை அடியோடு நிறுத்திவிட்டன. பாட்டன் காலத்துத் தடியாக இருந்தாலும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. இங்கிலாந்திலும் 2022 முதல் ஏறக்குறைய இதே நிலைதான். எனக்கு இதில் வருத்தம் இல்லை. உயிர் இரக்கத்தைப் பாடிய வள்ளலாரின் ஊரில் யானையைக் கொன்று செய்த பிடியை ஊன்றி நடக்க எந்தக் கிழவருக்கு மனம் வரும்?

சாதாரண மரத்தடிக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப் பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது 1972-ன் தொல்பொருள் சட்டம். ஆகவே, "தாத்தாவின் தடியை லண்டன் ஏலத்துக்கு அனுப்பி லட்சாதிபதி ஆகிவிடலாம்" என்று கோட்டை கட்டாதீர்கள். வாங்குவதைப் பற்றிப் பேசுவோம்.

எப்படிப் பார்ப்பது?

'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கதை தொடங்குவதே ஒரு தடியில்தான். அதுவும் நம் பினாங்கு வக்கீல்! யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன தடியை வைத்துக்கொண்டு, அதன் சொந்தக்காரர் கிராமத்து டாக்டர், நிறைய நடப்பவர், நாய் வளர்ப்பவர் என்று ஷெர்லாக் ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். ஏலத்துக்கு முன்னால் சாமான்களைப் பார்வைக்கு வைப்பார்கள் அல்லவா? அன்றைக்கு நீங்களும் ஒரு பூதக்கண்ணாடியோடு போய்க் கொஞ்சம் ஹோம்ஸ் ஆகவேண்டும்.

எல்லோரும் பிடியைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் தலைகீழாகப் பிடித்து அடிப்பூணைப் பாருங்கள். தடியை யாரும் செங்குத்தாக ஊன்றுவதில்லை, சாய்த்துத்தான் ஊன்றுகிறோம். ஆகவே உண்மையில் நடந்த தடியின் பூண் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். சுற்றிலும் ஒரே சீராக அரம் போட்டது போல் தேய்ந்திருந்தால், தேய்த்தது ரஸ்தா அல்ல, கடைக்காரர்! மிகப் பழைய ஐரோப்பியத் தடிகளில் பூண் நீளமாக இருக்கும். சேறும் கல்லுமான பாதையில் மரம் நனையாமல் காக்க வேண்டியிருந்தது. பாதைகள் சீரானதும் பூண் குட்டையாகிவிட்டது.

பிறகு நீளம். சாதாரணமாக மூன்றடிக்குச் சற்று முன்பின் இருக்க வேண்டும். மிகக் குட்டையாக இருந்தால், பின்னால் வந்த யாரோ தம் உயரத்துக்கு வெட்டிவிட்டார் என்று அர்த்தம். விலையும் அந்த அளவுக்கு வெட்டுப்படும். பிடிக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள கழுத்துப் பட்டையையும் பாருங்கள். பழைய பிடியைப் புதுக் கட்டையில் மாட்டிக் 'கல்யாணம்' செய்து வைப்பது இந்தத் தொழிலில் சகஜம். பொருத்தம் பார்ப்பது உங்கள் பொறுப்பு! இங்கிலீஷ் வெள்ளியில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும்: நடக்கிற சிங்கம் என்றால் தரமான வெள்ளி, நங்கூரம் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை லண்டன், பக்கத்தில் ஓர் எழுத்து வருஷத்தைச் சொல்லும். நம் ஊர்ப் பத்தர் அடித்த வெள்ளியில் இதெல்லாம் தேடாதீர்கள்.

ஏலத்தில் உட்காருமுன் இதற்கு மேல் போகமாட்டேன் என்று ஒரு தொகையைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கேட்கும்போது கை தானாக மேலே போகும். அது மனித சுபாவம். சுத்தியல் விழுந்த விலையோடு கணக்கு முடிவதும் இல்லை. ஏலக் கம்பெனியின் கட்டணம் பல இடங்களில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து. அதன் மேல் வரி, தபால் செலவு, கடல் கடந்து வந்தால் சுங்கம். (சென்னைவாசிகளுக்கு ஏலம் என்றால் மர்ரே கம்பெனி. அந்த மர்ரே எஸ். ராஜம்தான் சங்க நூல்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்பாகத் தமிழருக்குக் கொடுத்த புண்ணியவான்!)

சீட்டுக்குத்தான் விலை

2012 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் சார்லி சாப்ளினின் தொப்பியும் பிரம்பும் 62,500 டாலருக்குப் போயின. கடையில் அதே மாதிரிப் பிரம்பு சில டாலருக்குக் கிடைக்கும். சாப்ளின் கைபட்டது என்பதற்கு ஆதாரம் இருந்ததால்தான் அந்த விலை. 2020-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஏலக் கம்பெனியின் தபால் பெட்டியில் ஒரு கவர் கிடந்தது. உள்ளே ஒரு மூக்குக் கண்ணாடி. மதிப்பில்லாவிட்டால் குப்பையில் போட்டுவிடும்படி சொந்தக்காரரே சொல்லிவிட்டாராம். காந்திஜியிடமிருந்து தம் குடும்பத்துப் பெரியவருக்கு அது எப்படி வந்தது என்ற விவரத்தையும் சொன்னார். போயிற்று 2,60,000 பவுனுக்கு!

சீட்டு தொலைந்தால் என்ன ஆகும்? 1947 ஆகஸ்டில் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் அளித்த செங்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் உள்ள மடம். சென்னை உம்மிடி பங்காரு செட்டியார் கடையில் செய்தது. அது அலகாபாத் அருங்காட்சியகத்தில், நேருவுக்குப் பரிசாக வந்த 'தங்கத் தடி' என்ற குறிப்போடு பல வருஷம் இருந்தது. நந்தி அமர்ந்த செங்கோல், தடியாகிவிட்டது! 2023 மே 28-ல் அது புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் ஏறியதன் முன்னே, அது இன்னது என்று பழைய பத்திரிகைகளையும் ஆட்களையும் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு கொசுறு. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் மராட்டியரிடமிருந்து கம்பெனிக்காக வாங்கியபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. அந்தக் 'குண்டு கிராமங்கள்' கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த யேல், ஊர் திரும்பி மலைபோல் சாமான் குவித்தார். 1721-ல் கண் மூடியதும் அத்தனையும் லண்டனில் பல தவணையாக ஏலம் போயின. சாமான்கள் திக்குக்கு ஒன்றாய்ச் சிதறின. ஆராய்ச்சிக்காரர்கள் இன்று புரட்டிக்கொண்டிருப்பது ஏலப் பட்டியல் காகிதங்களைத்தான்.

ஆகவே பரணில் இருக்கிற தடியை இன்று கீழே இறக்குங்கள். யாருடையது, எந்த ஊரில் எந்த வருஷம் வாங்கியது, அல்லது யார் கொடுத்தது என்று வீட்டுப் பாட்டியைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கழுத்தில் கட்டுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு தாத்தா நிற்கிற போட்டோ இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். வெள்ளியைச் சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள், முத்திரை அழிந்துவிடும். வார்னிஷ் பூசாதீர்கள். சுவரில் சாய்த்து வைத்தால் பிரம்பு நாளடைவில் வளையும். கறையான் எட்டாத அலமாரியில் படுக்க வையுங்கள்.