புரொஜெக்டரால் தர முடியாத நிறம்

பகலில் சுவரில் தொங்கும் வெள்ளைத் திரையைப் பாருங்கள். புரொஜெக்டர் அணைந்திருக்கும்போது அது எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறதோ, அதைவிடக் கறுப்பாகப் படத்தில் எதையும் காட்ட முடியாது. புரொஜெக்டருக்கு ஒளியைச் சேர்க்க மட்டுமே தெரியும். ஏற்கெனவே திரையில் விழும் ஒளியை அதனால் துடைத்தெடுக்க முடியாது. நாயகியின் கூந்தல் கறுப்பாகத் தெரிவது பக்கத்திலுள்ள வெளிச்சத்தோடு ஒப்பிட்டுக் கண் எடுக்கும் முடிவு. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள இந்த விகிதம்தான் கான்ட்ராஸ்ட்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16:9 விகிதத்தில் 100 அங்குலத் திரையின் பரப்பு ஏறக்குறைய 2.75 சதுர மீட்டர். 2000 லூமென்ஸ் கருவி அதில் முழு வெள்ளையைக் காட்டினால் சதுர மீட்டருக்குச் சுமார் 725 லூமென்ஸ், அதாவது 725 லக்ஸ் விழும். டியூப்லைட்டால் திரைமேல் 150 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வெள்ளை 875, கறுப்பு 150. விகிதம் ஆறுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. பெட்டியில் 10,000:1 என்று அச்சிட்டிருந்தாலும் கூடத்தில் கிடைப்பது இதுதான். விளக்கை அணைத்து, கசியும் ஒளியை 5 லக்ஸுக்குக் குறைத்தால் அதே கருவி 146:1 தரும். அதனால், புதிய புரொஜெக்டருக்கு முன் தடித்த ஜன்னல் திரைச்சீலை வாங்குங்கள் என்பேன்.

பெட்டியிலுள்ள எண் பெரும்பாலும் இருட்டறையில் முழு வெள்ளையையும் பிறகு முழுக் கறுப்பையும் தனித்தனியே காட்டி அளந்தது. வெள்ளையும் கறுப்பும் மாறிமாறி வரும் 16 கட்டங்களை ஒரே நேரத்தில் காட்டி அளக்கும் ஆன்சி முறையில் எண் வெகுவாகக் குறையும். லென்ஸுக்குள் சிதறும் வெள்ளை ஒளி கறுப்புக் கட்டங்களிலும் படிந்துவிடுவதே காரணம். லூமென்ஸிலும் ‘ஆன்சி’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது திரையின் 9 இடங்களில் அளந்த சராசரியிலிருந்து வருவது. ‘எல்இடி லூமென்ஸ்’ என்பதை அதோடு ஒப்பிடவே கூடாது.

இருட்டறையிலும் கருவிக்குள்ளிருந்தே கொஞ்சம் ஒளி கசியும். டிஎல்பி புரொஜெக்டரின் இதயம், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கிய சிப். அதில் சில மைக்ரான் அகலமுள்ள ஆடிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸுக்குப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் உள்ளேயே வீணாகும். பாதி நேரம் இப்படி, பாதி நேரம் அப்படி என்றால் கண்ணுக்கு அது சாம்பல். ஆடிகளின் விளிம்பிலும் இடைவெளிகளிலும் பட்டுச் சிதறும் ஒளியை முழுதும் அடக்க முடிவதில்லை. திரையரங்குகளைப் படச்சுருளிலிருந்து விடுவித்த இந்தச் சிப்புக்காக 2015இல் ஹார்ன்பெக்குக்கு ஆஸ்கர் சிலையே கிடைத்தது.

சிக்னலிலும் கறுப்பு கெடலாம். வீடியோவில் 8 பிட் கணக்கில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினியிலோ 0 முதல் 255 வரை. செட்டாப் பாக்ஸ் 16ஐக் கறுப்பாக அனுப்ப, புரொஜெக்டர் 0ஐ எதிர்பார்த்தால் படம் முழுக்க வெளுத்துப்போகும். மாறாக நடந்தால் இருட்டுக் காட்சியின் நுணுக்கமெல்லாம் காணாமல் போகும். மெனுவில் எச்டிஎம்ஐ ரேஞ்ச் என்ற இடத்தில் ‘லிமிடெட்’, ‘ஃபுல்’ என்று இருப்பது இதற்காகத்தான். இரு கருவிகளிலும் ஒன்றாக வைத்தால் போதும்.

சிக்னல் பற்றிப் பேசும்போது பெட்டியிலுள்ள இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். ‘1080பி சப்போர்ட்’ என்பது அந்தச் சிக்னலை ஏற்கும் என்பது மட்டுமே. ‘நேட்டிவ்’ என்று குறிப்பிடுவதே சிப்பின் உண்மையான பிக்சல் அளவு. 1920×1080 என்றால் 20 லட்சத்துக்கு மேல். 854×480 என்றால் 4 லட்சம்தான்.

புரொஜெக்டரைச் சாய்த்து வைத்துவிட்டு, கோணலான படத்தைக் கீஸ்டோனால் நேராக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்போது சில பிக்சல்கள் வீணாவதோடு, ஓரத்தில் சாம்பல் ஆப்பு ஒன்றும் தெரியும். கருவி கறுப்பு என்று நினைத்து அனுப்பும் ஒளி அது. முடிந்தவரை கருவியையே நேராக வையுங்கள்.

அறையை இருட்டாக்கியும் படம் வெளுத்தால் சுவரையும் கூரையையும் பாருங்கள். படத்தின் ஒளியே வெள்ளைச் சுண்ணாம்பில் பட்டுத் திரைக்குத் திரும்பும். திரையரங்குகளில் அடர்நிறச் சுவர்கள் இருப்பது இதனால்தான். வீட்டில் திரையை ஒட்டிய ஒரு மீட்டருக்காவது அடர்நிறம் பூசலாம், அல்லது சாம்பல் திரை வாங்கலாம். சாம்பல் திரை கறுப்போடு வெள்ளையையும் மங்கவைக்கும் என்பதால், லூமென்ஸ் தாராளமாக உள்ள கருவிக்கே அது பொருந்தும்.