கைக்கு வந்த இரகசியமும் அமானிதமே

அமானிதம் என்றதும் நம் வியாபாரிகளுக்கு ஞாபகம் வருவது பணமும் பண்டமும்தான். ஒருவருடைய மனநிலையைப் பற்றிய கடதாசியும் அமானிதம் என்பதை நான் பிழை விட்டுத்தான் படித்தேன்.

மீள்குடியேறி முல்லைத்தீவில் கடை திறந்த காலம். ஒரு தம்பி வேலை கேட்டு வந்தார். அவரைத் தெரிந்த ஒருவர், "முதலாளி, இதையும் ஒருக்கா பாருங்கோ" என்று போட்டோப் பிரதி ஒன்றைத் தந்தார். உளவளத்துணைக்காக ஒரு தொண்டு நிறுவனம் நிரப்பிய வினாக்கொத்து அது. தம்பியின் பெயர், பதில்கள், கடைசியில் புள்ளி. வாசித்தேன். வேலை கொடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை.

அந்தப் புள்ளி என்ன சொல்கிறது? நித்திரை வருகிறதா, பயங்கரக் கனவு வருகிறதா என்றெல்லாம் கேட்டு, கூடிய புள்ளி பெற்றவரை டொக்டரிடம் அனுப்புவதற்கான முதற்படி அது. நோய் என்ற தீர்ப்பு அல்ல. ஆள் நேர்மையானவரா, கணக்கு வழக்குத் தெரிந்தவரா என்பதை அது சொல்லவே சொல்லாது.

இத்தகைய கேள்விகளுக்கு நம் மக்களும் பதில் சொன்னவர்கள்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளம் மாவட்டத்தில் வாழ்ந்தவர்களில் 450 பேரிடம் 2011இல் ஓர் ஆய்வு நடந்தது. 18.8 சதவீதமானோருக்கு உளநலப் பாதிப்பு இருப்பதாக 2013இல் வெளியிட்டார்கள். தொகை வெளியே வந்தது. எவருடைய பெயரும் வரவில்லை. தொகை வந்தால் சமூகத்துக்கு உதவி கேட்கலாம். பெயர் வந்தால் ஒருவரின் பிழைப்புப் போகும். பிறகு எவரும் உண்மையைச் சொல்லவும் மாட்டார், வைத்தியம் தேடவும் மாட்டார்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல், உள நலத் தகவல்களை விசேட வகையாகக் கொள்கிறது. ஒரு நோக்கத்துக்குப் பெற்ற தகவலைப் பொருந்தாத வேறு நோக்கத்துக்குப் பாவிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. சட்டம் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகிறது. அமானிதமோ அதற்காகக் காத்திருப்பதில்லை.

ஆகவே, வேலைக்கு ஆள் எடுக்கும்போது வேலை தெரியுமா என்று பாருங்கள். இத்தகைய கடதாசியைக் கேட்காதீர்கள். யாராவது தந்தால் வாசிக்காமல் திருப்பிக் கொடுங்கள். வேலையாள் தானாகச் சொன்னால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் அந்தத் தம்பியைத் தேடிப் போய் மாப்புக் கேட்டேன். பிரதியை அவரிடமே கொடுத்தேன். "இது எப்படி உங்களிட்ட வந்தது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த நிலை உங்களில் எவருக்கும் வர வேண்டாம்.